மூன்றாவது கோல்

முன்னால் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவது அந்த வசந்தத்தில் பள்ளி லக்ராஸ் அணிக் கோச் எம்மெட் ஹெர்னின் பையன்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லா ஆட்டத்திலும் ஒரே கதைதான். முடிய ஐந்து நிமிடம் இருக்கும், இரண்டு கோல் அதிகமாக இருக்கும், பந்தும் இவர்கள் மட்டையின் நுனி வலையில்தான் இருக்கும். அப்போது பார்த்து யாராவது ஒருத்தன், பெரும்பாலும் கரோன்யோ, கோலைக் கண்டதும் கண்மண் தெரியாமல் ஓடி மூன்று பேர் நடுவில் புகுந்து அடிப்பான். பந்து நேரே கோல்கீப்பரின் மட்டையில் போய் உட்காரும். அங்கிருந்து அது திரும்பி வருகிற வேகத்துக்கு இவர்கள் பக்கம் தடுக்க ஆளே இருக்காது.

பூர்வகுடிகளின் ஊரான அக்வெசாஸ்னேயில் லக்ராஸ் தோற்றால் அதை மறைத்து வைக்க முடியாது. பிறந்த ஆண் குழந்தைக்குப் பக்கத்தில் மட்டையை வைக்கிற ஊர் அது. பெட்ரோல் போடப் போனாலும், பாலத்துச் சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தினாலும், "என்ன கோச், நேத்தும் போச்சாமே?" என்று யாராவது ஒருவர் துக்கம் விசாரிப்பார்கள்.

தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் எம்மெட்டும் அவன் மனைவி நோரீனின் அண்ணன் லைல் டார்பெல்லும் முன் சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். லைல்தான் அணிக்குத் துணைக் கோச். இருபது வருஷம் நகரத்தில் வானளாவிய கட்டடங்களின் இரும்புச் சட்டங்கள் மேல் நடந்து சம்பாதித்தவன். சின்ன வயதில் இருவரும் ஒரே அணி. பந்தை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பது எம்மெட்டின் வேலை. வாங்கியதும் பறப்பது லைலின் வேலை. ஊர் லைலைத்தான் ஞாபகம் வைத்திருந்தது.

"மாப்ளே, பந்து கையில இருக்கா, கோல் கண்ணுல தெரியுதா, அடி. இதுக்கு மேல இதுல என்னடா இருக்கு?"

"பந்து நம்ம கையில இருந்தா அவன் எப்படி மச்சான் கோல் போடுவான்? அதைச் சொல்லு முதல்ல."

"நீ இப்படிப் பேசிப் பேசியே என் தங்கச்சியைக் கட்டுன. ரெண்டு வருஷம் வீட்டைச் சுத்திச் சுத்தி வந்த. நானா இருந்தா முதல் நாளே கேட்டிருப்பேன்."

"நீ முதல் நாளே கேட்டதெல்லாம் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்."

பின் சீட்டுப் பையன்கள் தோல்வியை மறந்து சிரிப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த பையன்கள் மைதானத்தில் திகைத்து நின்றார்கள். இரண்டு பக்கமும் கோல்களைக் காணவில்லை. எம்மெட் அவற்றை இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் கொட்டகைக்குப் பின்னால் போட்டிருந்தான்.

"கோச், கோல் எங்க?" என்றான் கரோன்யோ.

"அதுக்கு இந்த வாரம் லீவு."

"அப்ப நாங்க எங்க அடிக்கிறது?"

"அடிக்க வேண்டாம். வச்சுக்க."

அந்த வாரம் முழுக்க அதுதான் பாடம். ஆறு பேர் பந்தை வைத்திருக்க வேண்டும், ஆறு பேர் பிடுங்க வேண்டும். வலையில் கிடக்கும் பந்தை மணிக்கட்டால் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே, எதிராளிக்கும் மட்டைக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். நெருக்கினால் பின்னால் வாங்கி அகலமாகப் பிரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவன் சும்மா நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. பந்து வைத்திருப்பவனுக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டும்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

"பந்து கைக்கு வந்ததும் முதல்ல ஒரு மூச்சு விடு" என்பான் எம்மெட். "அப்புறம் பாரு. அப்புறம் முடிவு பண்ணு. எதிராளி ஓடணும்னு நினைக்கிறப்ப நீ நட. அவன் நடக்கிறப்ப நீ ஓடு. ஆட்டம் எவ்வளவு வேகமாப் போகணும்கிறதை நீதான் சொல்லணும், அவன் சொல்லக் கூடாது."

"இதுக்குப் பேரு லக்ராஸா கோச்? எங்கம்மா கடைக்குப் போய்ச் செருப்பு வாங்குற மாதிரி இருக்கு" என்றான் கரோன்யோ. "சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ஒண்ணும் வாங்காம வர்றது."

கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்த லைல் கைதட்டினான். "சொல்லுடா தங்கம்! மானா இருந்த பசங்களை ஆமையாக்கிட்டிருக்கான் உங்க கோச்." சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. முழங்கால் மேல் கையை ஊன்றிக் குனிந்து அவன் இருமி முடிக்கும்வரை பையன்கள் மட்டையைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்கள்.

"புகை குடிக்கிறதை விடுன்னு சொன்னேன்ல" என்றான் எம்மெட்.

"விட்டு மூணு வருஷம் ஆச்சுடா."

வழக்கமாக மைதானத்தின் ஓரத்தில் பந்து போகும் திசைக்கெல்லாம் ஓடுகிறவன் ஏன் இன்று வாளியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் எம்மெட்டுக்குத் தோன்றியது. நேற்றும் உட்கார்ந்திருந்தான். போன வாரமும்.

நோரீன் அண்ணனை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினாள். நுரையீரலில் கட்டி. எத்தனை பெரியது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதற்கு இன்னும் சோதனைகள் இருந்தன. வீட்டுக்கு வந்தவள் காரை நிறுத்திவிட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தாள். எம்மெட் போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"வழியெல்லாம் ஜோக் சொல்லிட்டே வந்தான்" என்றாள். "நானும் சிரிச்சுட்டே வந்தேன். என்னால முடியல எம்மெட்."

லைல் மைதானத்துக்கு வருவது நின்றது. எம்மெட் நினைத்தபடி பயிற்சி நடத்த இப்போது குறுக்கே பேச ஆள் இல்லை. சொன்னது சொன்னபடி நடந்தது. அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் வாளி இருந்த பக்கம் திரும்பிப் பார்ப்பான். எதிர்த்துப் பேச ஒருத்தன் இருந்ததால்தான் தான் சொல்வது தனக்கே தெளிவாகிக்கொண்டிருந்தது என்று அவனுக்கு மெல்லப் புரிந்தது.

மே மாதத் தொடக்கத்தில், தெற்கே மலையடிவாரத்துப் பள்ளியோடு ஆட்டம். கடைசி நான்கு நிமிடம், ஒரே ஒரு கோல் அதிகம், பந்து இவர்களிடம். கரோன்யோவுக்கு முன்னால் வழி திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பையன் ஒரு எட்டு வைத்தான். நின்றான். அவன் தோள் ஏறி இறங்குவது எம்மெட்டுக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு திரும்பி, கோலுக்குப் பின்னால் நின்றவனுக்குப் பந்தைப் போட்டான். அங்கிருந்து வலது, வலதிலிருந்து மேலே, மேலேயிருந்து மறுபடி பின்னால். கடைசி இரண்டு நிமிடம், முன்னால் இருக்கும் அணி கோலைச் சுற்றிக் கோடு போட்ட கட்டத்துக்குள்ளேயே பந்தை வைத்திருக்க வேண்டும் என்று நடுவர் கையை உயர்த்தினார். இடம் சுருங்கியது. எதிரணிப் பையன்கள் மட்டையால் வெளுத்து வாங்கினார்கள். அப்படியும் பந்து கீழே விழவில்லை. விசில் அடித்தபோது அது இன்னும் இவர்கள் வலையில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை எம்மெட் மச்சானைப் பார்க்கப் போனான். லைல் சோபாவில் படுத்து, யாரோ அனுப்பிய அன்றைய ஆட்டத்தின் வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?" என்றான் எம்மெட்.

"நல்ல தூக்கம் வந்துச்சு. மாத்திரையை விடத் தேவலாம்." லைல் போனை நெஞ்சின் மேல் கவிழ்த்தான். "அந்தப் பய நின்னான் பாரு... நான் நின்னிருக்க மாட்டேன் மாப்ளே. எந்த வயசுலயும் நின்னிருக்க மாட்டேன்."

இப்படி ஒரு பாராட்டு வந்தால் என்ன செய்வதென்று எம்மெட்டுக்குத் தெரியாது. போர்வை நழுவியிருந்த இடத்தில் இழுத்து விட்டான்.

"ஒரு ஆட்டம் கேட்கலாம்னு இருக்கேன்" என்றான் லைல்.

என்ன ஆட்டம் என்று எம்மெட் கேட்கவில்லை. நோயாளி தனக்காகக் கேட்டால், குணமாக வேண்டி ஊர் கூடி ஆடும் ஆட்டம் அது. பள்ளிக்கூட ஆட்டம் போல அதற்குக் கடிகாரம் கிடையாது, நடுவர் கிடையாது, கோச்சும் கிடையாது. இத்தனை கோல் என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள்; அது விழுந்ததும் முடிந்தது. பந்து நோயாளிக்கு.

"கேளு" என்றான் எம்மெட். "பெரியவங்ககிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

சனிக்கிழமை காலையில் ஊர்ச் சடங்குகள் நடக்கும் நீள்வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று சில்லென்று அடித்தது. எல்லார் கையிலும் மரமட்டை. தலையில் கவசமில்லை, சட்டையில் எண் இல்லை. திடலின் இரு முனையிலும் இரண்டிரண்டு கம்புகள் நட்டிருந்தார்கள், அவைதான் கோல். பெரியவர் ஒருவர் நன்றி சொல்ல வேண்டிய எல்லாவற்றுக்கும் நிதானமாக நன்றி சொல்லி, புகையிலையை நெருப்பில் இட்டார். லைலைப் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து, ஓரத்தில் மடக்கு நாற்காலியில் போர்வை சுற்றி உட்காரவைத்தார்கள். நோரீன் மற்றப் பெண்களோடு அவனுக்குப் பின்னால் நின்றாள்.

கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். எந்தப் பக்கத்துக்காவது மூன்று கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். எம்மெட் தன் பையன்களுக்கு எதிரே நின்றான். அவன் மட்டை பிடித்து ஆடி ஆறேழு வருஷம் இருக்கும்.

"கோச், வேட்டு வைக்கிறோம் பாருங்க" என்றான் ஒருவன்.

"முதல்ல உன் ஷூவைக் கட்டு."

ஆட்டம் காட்டாறு மாதிரி தொடங்கியது. இளசுகள் இரண்டு கோல் போட்டார்கள். கல்யாணமானவர்கள் தட்டுத் தடுமாறி இரண்டைத் திருப்பினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் லைல் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி ஆட்டினான்.

அதன் பிறகுதான் பந்து இளசுகளிடம் போயிற்று. போனது போனதுதான்.

எம்மெட் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. நெருக்கினான், பந்து பின்னால் போயிற்று. பின்னால் ஓடினான், அகலத்துக்குப் போயிற்று. அவர்கள் நடந்தபோது இவன் ஓடினான், இவன் மூச்சு வாங்க நின்றபோது அவர்கள் ஓடினார்கள். வயிறு வலித்தது. ஓரிரு முறை கோல் வாசல் அகலத் திறந்து கிடந்தும் யாரும் அடிக்கவில்லை. தான் சொல்லிக் கொடுத்ததைத் தன் மேலேயே காட்டி விளையாடுகிறார்கள் என்று எம்மெட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் கேலி செய்யக் கூடாது.

கரோன்யோவைத் தோளோடு தோள் மோதி நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "இது வித்தை காட்டுற இடமில்லடா. ஒழுங்கா ஆடு."

பையன் பந்தை ஆட்டிக்கொண்டே உடம்பைக் குறுக்கே கொடுத்தான். முகமெல்லாம் வியர்வை. "வித்தை இல்ல கோச். இன்னொண்ணு விழுந்தா முடிஞ்சிரும்ல. லைல் மாமா பார்த்துட்டிருக்காரு."

சொல்லிவிட்டு நழுவிப் போய்விட்டான்.

எம்மெட் இருந்த இடத்திலேயே நின்றான். ஓரத்தைப் பார்த்தான். லைல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். போர்வை தோளிலிருந்து விழுந்திருந்தது. பந்து போகும் பக்கமெல்லாம் அவன் தலை திரும்பியது. கால் கட்டைவிரல்கள் செருப்புக்குள் துடிப்பது கூடத் தெரியும்போல இருந்தது. நோயாளி முகமாகவே இல்லை அது. நோரீன் அண்ணனின் நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்மெட் மறுபடி ஓடினான். ஒருவனிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டு வாரினான். முன்னால் வழி இருந்தது. ஒரு மூச்சு விட்டான். திரும்பி, தன் பக்கத்து ஆள் ஒருவனுக்குப் பந்தைப் பின்னால் போட்டான்.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் திடலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்காக யாரும் விட்டுக்கொடுத்து ஆடவுமில்லை. மட்டைகள் படார் படாரென்று மோதின. ஒருத்தனுக்கு முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பிடுங்கினார்கள், இழந்தார்கள், திரும்பப் பிடுங்கினார்கள். கம்புகளுக்கு நடுவே மட்டும் பந்து போகவில்லை. மேகம் நகர்ந்து வெயில் வந்தது. ஓரத்தில் நின்ற பெண்கள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

லைல் இரும்புச் சட்டத்தின் மேல் காற்றின் திசையைக் காலாலேயே கண்டுபிடிக்கிறவன். இது புரிய அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"டேய்!" என்று ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். லைல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். "என்னடா பண்றீங்க எல்லாரும்? ஊரே சேர்ந்து என் மாப்ளையா மாறிட்டீங்களா? அடிங்கடா!"

யாரோ சிரித்தார்கள். பந்து எம்மெட்டிடம் இருந்தது.

"மாப்ளே, இது மருந்துடா!" குரல் உடைந்தது, இருமினான், கையை உயர்த்திப் பொறு என்று காட்டிவிட்டு, இருமி முடித்துத் தொடர்ந்தான். "மருந்தை வாயிலயே வச்சுட்டிருந்தா எப்படி? முழுங்க வேண்டாமா? அடி!"

எம்மெட்டுக்குக் கண் மறைத்தது. முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை, மூச்சும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நட்டநடுவே ஓடினான், வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. இரண்டு பேரை இடித்துக்கொண்டு புகுந்து, கம்புகளுக்கு எதிரே போய், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்தான்.

பந்து கம்புக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

திடலே 'ஐயோ' என்றது. அதற்கு மேலே லைலின் சிரிப்பு கேட்டது, பழைய சிரிப்பு, பஸ்ஸில் பின் சீட்டுவரை கேட்கிற சிரிப்பு. எம்மெட் விழுந்த இடத்திலேயே கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, இளசுகள் பந்தை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரே வீச்சில் பாதித் திடல் தாண்டியது. கரோன்யோ அதை ஓடிக்கொண்டே வாங்கினான். இந்த முறை அவன் நிற்கவில்லை. அம்பு மாதிரி போனான். மூன்றாவது கோல் விழுந்தது.

பையன் பந்தைப் பொறுக்கி இரண்டு கையிலும் ஏந்தி வந்து லைலிடம் கொடுத்தான். மான்தோல் பந்து; புல்லும் சேறும் ஒட்டியிருந்தது. லைல் அதைத் துடைக்காமல் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்தீங்க?" என்றான்.

"எங்கயும் போகல மாமா. இங்கயேதான் இருந்தோம்."

லைல் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியாக நொண்டிக்கொண்டே எம்மெட் வந்தான்.

"அது என்ன ஷாட்டு மாப்ளே? ஆத்துல மீன் பிடிக்கவா அடிச்ச?"

"நீ அடின்னு சொன்ன, அடிச்சேன். கோலுக்குள்ள அடின்னா சொன்ன?"

மத்தியானம் வீட்டில், சோபாவில் படுக்கவைத்து எம்மெட் மச்சானின் செருப்பைக் கழற்றினான். நோரீன் அடுக்களையில் இருந்தாள். லைல் கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று எம்மெட் நினைத்தான்.

"பயமா இருக்குடா" என்றான் லைல், கண்ணைத் திறக்காமல். "மேல, அறுபதாவது மாடியில நிக்கிறப்பகூட நான் பயந்ததில்ல."

எம்மெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்கு மேலே அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும்தான் மச்சான்" என்றான்.

"சரி. அப்ப ரெண்டு பேரும் பயப்படுவோம்."

நோரீன் வந்து பார்த்தபோது இருவருமே தூங்கியிருந்தார்கள்.

அணி அந்த வருஷம் அரையிறுதிவரை போய், சரியான ஒரு அணியிடம் சரியாகத் தோற்றது. ஜூனில் லைலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி பரவியிருக்கவில்லை. வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இனிமேல் இரும்பு ஏற முடியாது, மாடிப்படி ஏறினாலே நின்று நின்றுதான் போக வேண்டும் என்றார்கள். ஆட்டத்தால் பிழைத்தானா, கத்தியால் பிழைத்தானா என்று ஊரில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

அவன் வீடு திரும்பிய வாரம், புல் வெட்ட என்று பையன்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். சாயங்காலம் எம்மெட் போனபோது முற்றத்தில் பாதிப் புல் வெட்டாமல் நின்றது. நடுவில் இயந்திரம் அணைந்து கிடந்தது. வாசல் படியில் லைலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தபடி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எம்மெட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இயந்திரத்தை நோக்கி நடந்தான்.

"விடு மாப்ளே, நாளைக்கும் வருவானுங்களாம்" என்றான் லைல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டபடி. "வந்து உட்காரு."